டிரிங்ஸ் பிரேக் யாருக்கு?

இன்றைய கிரிக்கெட்டில் எதை மாற்றலாம் என்று சேப்பாக்கத்து ரசிகரைக் கேட்டால் டி.ஆர்.எஸ்.ஸில் ஆரம்பித்து டிக்கெட் விலையில் முடிப்பார். மும்பைக்காரர், ஐ.பி.எல்.லில் ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கும் இம்பாக்ட் பிளேயர் விதியைத் தூக்கி எறியச் சொல்வார். ரோஹித் சர்மாவே அது தனக்குப் பிடிக்கவில்லை என்று 2024-இல் சொல்லிவிட்டதால் மும்பைக்காரருக்குத் தெம்பு அதிகம். புனேவாசியைக் கேட்டால் நீண்ட பேச்சே இருக்காது. "முதல்ல குடிக்கத் தண்ணி குடுங்க. மத்ததை அப்புறம் மாத்திக்கலாம்."

இதில் கிண்டல் எதுவும் இல்லை. 2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை. புனேக்கு வெளியே, மும்பை விரைவுச் சாலையை ஒட்டியுள்ள கஹுஞ்சேயில், மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கத்தின் மைதானத்தில் நியூசிலாந்துடன் இரண்டாவது டெஸ்ட் தொடங்கியது. தமிழர்களைப் பொறுத்தவரை வரலாற்று நாள். பெங்களூரில் முதல் டெஸ்டைத் தோற்ற பிறகு அவசரமாக அணிக்கு அழைக்கப்பட்ட வாஷிங்டன் சுந்தர் 59 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். மீதி மூன்றையும் அஸ்வின் எடுத்தார். நியூசிலாந்து 259. பத்து விக்கெட்டும் இரண்டு சென்னை ஆஃப் ஸ்பின்னர்கள் கணக்கில். புனேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்ததற்கு வயிறு குளிர்ந்தது. தொண்டைதான் காய்ந்துபோயிற்று.

உணவு இடைவேளை. வெயிலில் இரண்டு மணி நேரம் வெந்த கூட்டம் கேலரியை விட்டு இறங்கித் தண்ணீர் வைத்திருக்கும் இடங்களுக்குப் போனது. அங்கே தண்ணீர் இல்லை. அடுத்த இடத்திலும் இல்லை. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர அனுமதியும் இல்லை. முதலில் முணுமுணுப்பு, பிறகு வாக்குவாதம், பிறகு கிரிக்கெட் சங்கத்துக்கு எதிராகக் கோஷம். காலையெல்லாம் இந்தியாவுக்காகக் கத்திய அதே தொண்டைகள், ஈரமில்லாமலேயே இன்னும் சத்தமாகக் கத்தின. கடைசியில் பாட்டில்களை இலவசமாகக் கொடுத்து நிலைமையைச் சமாளித்தார்கள். சங்கத்தின் செயலாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டது நாகரிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டெஸ்ட் மேட்சின் தேதி பல மாதங்களுக்கு முன்பே தெரியும், மனிதனுக்குத் தாகம் எடுக்கும் என்பது அதற்கும் முன்பே தெரியும்.

அதே நேரத்தில் மைதானத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு செஷனிலும் விதிப்படி டிரிங்ஸ் பிரேக். அது போதாதென்று, விக்கெட் விழுந்தால் பாட்டிலோடு ஒருவர் ஓடிவருவார்; கிளவுஸ் மாற்ற ஓடிவருபவர் கையிலும் இன்னொரு பாட்டில். பவுண்டரி கோட்டருகே நிற்கும் பீல்டருக்கும் சப்ளை உண்டு. அந்தப் பீல்டருக்குப் பத்தடி பின்னால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன், அவர் குடிப்பதை வேடிக்கை பார்க்கலாம். அதற்குத் தடையில்லை.

பாட்டிலை ஏன் உள்ளே விடுவதில்லை? காரணம் இருக்கத்தான் செய்கிறது. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டன்ஸில் பறந்த பாட்டில்களால் ஆட்டமே நின்று, இலங்கைக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. 2015-இல் கட்டாக்கில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த டி20-யிலும் பாட்டில் மழை. ஆகவே தடை. சரி. 2018 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் காவிரிப் போராட்டத்தின் சூட்டில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. அதற்காக ரசிகர்களைச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லையே! எறியப்பட்டதையெல்லாம் தடை செய்வதென்றால் ஒழுங்காக எல்லாவற்றையும் தடை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால், பாட்டிலைப் பிடுங்கிக்கொள்பவர்களே உள்ளே குழாயைத் திறந்துவைக்க வேண்டும்.

கூரை விஷயம் இன்னும் ருசிகரமானது. 2012-இல் திறக்கப்பட்ட இந்தக் கஹுஞ்சே மைதானத்தை வடிவமைத்தது லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனம். லார்ட்ஸ் மைதானத்தின் மவுண்ட் ஸ்டாண்டுக்குக் கூடாரம் போலக் கூரை போட்டுப் பெயர் வாங்கியவர்கள். வெயிலையே தேடிக்கொண்டிருக்கும் லண்டனில் நிழல் கிடைத்துவிட்டது. புனேயிலோ கேலரியின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி.

சுமார் 37 ஆயிரம் பேர் உட்காரலாம். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. முன்பெல்லாம் ஸ்வார்கேட் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே நேரு ஸ்டேடியம் இருந்தது, இன்னும் இருக்கிறது. 1996 பிப்ரவரி 29 அன்று கென்யா அங்கேதான் வெஸ்ட் இண்டீஸை 93 ரன்னுக்குச் சுருட்டி உலகத்தை வாய்பிளக்க வைத்தது. மேட்ச் முடிந்து நடந்தே வீட்டுக்குப் போய் அந்த அதிசயத்தைச் சொன்னவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இப்போது இரவு ஏழரைக்குத் தொடங்கும் டி20 பதினொன்றைத் தாண்டி முடிந்து, விரைவுச் சாலைப் பக்கம் வண்டிகளுக்கு நடுவே தன் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து, வீடு வந்து சேரும்போது பால்காரர் எதிரே வந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது.

தண்ணீருக்கும் இந்த மைதானத்துக்கும் பழைய பகை உண்டு. 2016 கோடையில் மகாராஷ்டிரம் வறட்சியில் தவித்தது. மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போனது. அந்த நேரத்தில் பிட்சுக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று கேள்வி எழுந்து, ஏப்ரல் 30-க்குப் பிறகான ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம். புனே அணியின் சொந்த ஊர் திடீரென்று விசாகப்பட்டினம் ஆயிற்று.

2018-இல் இன்னும் வேடிக்கை. காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையால் சென்னையை விட்டு வெளியேறிய சென்னை சூப்பர் கிங்ஸ், அடைக்கலம் தேடி வந்தது புனேக்கு. வந்த வேகத்தில் மும்பை உயர் நீதிமன்றம், மைதானத்துக்குப் பவனா நதித் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஒரு நதிக்குப் பயந்து ஓடிவந்து இன்னொரு நதியிடம் மாட்டிக்கொண்டார்கள். ஆனாலும் சென்னையிலிருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று ஒரு தனி ரயிலே வந்தது. ஏப்ரல் 20 அன்று ராஜஸ்தானுக்கு எதிராக ஷேன் வாட்சன் 106 அடித்தார். ஒரே ஒரு மேட்சுக்காக மாநிலம் விட்டு மாநிலம் ரயிலேறி வரும் கூட்டம் இது. இந்த ரசிகர்கள் எதையும் தாங்குவார்கள் என்று கிரிக்கெட் வாரியத்துக்கு அன்றே புரிந்திருக்கும். அதுதான் வினையாகிவிட்டது.

சட்ட திட்டங்களிலும் புனேக்காரர்களுக்குப் புகார் இல்லாமலில்லை. பல சர்ச்சைகள் இவர்கள் கண்ணெதிரிலேயே நடந்தவை. 2025 ஜனவரி 31, இங்கிலாந்துடன் டி20. கடைசி ஓவரில் சிவம் துபேவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக அதே வகை ஆட்டக்காரரை இறக்கலாம் என்பது விதி. இந்தியா இறக்கியது ஹர்ஷித் ராணாவை. துபே அடித்து ஆடும் பேட்ஸ்மேன், அவ்வப்போது மிதமான வேகத்தில் பந்து வீசுவார். ராணா முழுநேர வேகப்பந்து வீச்சாளர். மேட்ச் ரெஃப்ரி ஜவகல் ஸ்ரீநாத் சரி என்றார். ராணா தன் அறிமுக சர்வதேச டி20-யிலேயே 3 விக்கெட் எடுத்தார். இந்தியா 15 ரன்னில் ஜெயித்தது. துபேவின் வேகம் கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ராணாவின் பேட்டிங் தேறியிருக்க வேண்டும் என்கிற பாணியில் இங்கிலாந்து கேப்டன் ஜாஸ் பட்லர் நொந்துகொண்டார். பட்லர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தியா ஜெயித்ததால் மட்டும் பிழை சரியாகிவிடாது. இம்பாக்ட் பிளேயர் ஐ.பி.எல்.லில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று இரவு அது இலவச இணைப்பாகக் கிடைத்தது.

ஐந்து நாள் டெஸ்ட் என்று சொல்லி டிக்கெட் விற்பதும் ஆராய வேண்டிய விஷயம். 2017 பிப்ரவரியில் இந்த ஊரின் முதல் டெஸ்ட். ஸ்டீவ் ஓகீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு 6 விக்கெட் வீதம் எடுக்க, இந்தியா 105, 107 என்று சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரும் ஆறு ஓவர் முடிவதற்குள் இரண்டு ரிவ்யூவையும் காலி செய்துவிட்டார்கள். மூன்றே நாளில் கடை கட்டியாயிற்று. பிட்ச் 'மோசம்' என்று ஐ.சி.சி. தரம் போட்டது. 2024 டெஸ்டும் மூன்று நாள்தான். மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட் எடுக்க, சொந்த மண்ணில் 12 ஆண்டுகளாகத் தொடரையே இழக்காத இந்தியா தொடரை இழந்தது. மூன்று நாளில் முடியட்டும், தவறில்லை. இரண்டும் எதிராளியை வழுக்கவைக்கப் போட்ட எண்ணெயில் தானே வழுக்கி விழுந்த கதை என்பதுதான் வலிக்கிறது.

புனேயில் ஆட்டம் அற்பாயுளில் முடிவது புதிதும் அல்ல. 1948 டிசம்பர், பூனா கிளப் மைதானம், ரஞ்சி ஆட்டம். மகாராஷ்டிரத்தின் பாவுசாகேப் நிம்பால்கர், கத்தியவாருக்கு எதிராக 443 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நிற்கிறார். பிராட்மனின் 452-ஐ எட்ட இன்னும் 9 ரன். ஸ்கோர் 4 விக்கெட்டுக்கு 826. இடைவேளையில் எதிரணிக் கேப்டனான ராஜ்கோட் மகாராஜாவுக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. இந்தச் சாதனையில் தங்கள் அணியின் பெயர் இருக்கக் கூடாது என்று தோல்வியை ஒப்புக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நான்கு மணி வரை யாருக்கும் திறக்காத பழைய புனே கடைக்காரர்கள்கூட அந்த அளவுக்குக் கறார் இல்லை.

ஐ.பி.எல். அணிகள்? சுருக்கமாக முடித்துவிடலாம். புனே வாரியர்ஸ் மூன்று சீசன் ஆடிப் பட்டியலின் வால்பகுதியிலேயே குடியிருந்து 2013-இல் மறைந்தது. 2016-இல் ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு பெயரின் கடைசி எழுத்தையும் தோனியின் கேப்டன் பதவியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அதோடு அணியும் இல்லை. அணிக்கு ஒரு சட்டை என்று மாற்றி மாற்றி வாங்கிய ரசிகனிடம் சட்டைகள் மட்டும் மிஞ்சின.

ரசிகர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லைதான். 2023 உலகக் கோப்பையில் இதே மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்கு வேண்டியது 2 ரன், கோலியின் சதத்துக்கு வேண்டியது 3. ராகுல் சிங்கிள் ஓட மறுத்துக்கொண்டிருந்தார். அரங்கம் முழுக்க, இந்தியா சீக்கிரம் ஜெயித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தது. லெக் பக்கம் போன பந்துக்கு நடுவர் கெட்டில்பரோ வைடு கொடுக்காதபோது ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. கோலி சிக்ஸர் அடித்ததும் விதி, தர்மம் எல்லாம் மறந்துபோனது. மாற்றம் வேண்டும் என்று கேட்பவர்களின் லட்சணம் இது.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் ரசிகன் பக்கம் தப்பே கிடையாது. ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே அறுபது நொடி என்று கடிகாரம் வைத்து அளக்கிறது ஐ.சி.சி. பேட்டின் அகலத்தை அளக்க அளவுச் சட்டம் இருக்கிறது, வெளிச்சத்தை அளக்கக் கருவி இருக்கிறது. நடுவர்களின் பட்டியலில் இன்னும் ஒரே ஒரு வேலையைச் சேர்த்தால் போதும். டாஸுக்குப் போகும் முன் கூரையில்லாத கேலரிக்கு ஒரு நடை நடந்து அங்குள்ள குழாயைத் திறந்து பார்க்கட்டும். தண்ணீர் வந்தால் டாஸ். வராவிட்டால், ஈரமான மைதானத்துக்காக ஆட்டத்தைத் தள்ளிவைப்பது போல, காய்ந்த கேலரிக்காகவும் தள்ளிவைக்கட்டும்.