தொப்பியில்லாத சல்யூட்

அறிவியல் புனைகதை வாசகர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் தனி ரகம். ஒளியை முந்தும் கப்பல், மூன்று தலை வேற்றுக்கிரகவாசி, செத்தவனை எழுப்பும் தொட்டி என்று எதைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடுவார். ஆனால் நாற்பதாம் பக்கத்தில் ஒரு லெப்டினன்ட் தொப்பி போடாமல் சல்யூட் அடித்தானோ, தொலைந்தது கதை. "எந்த ஆர்மியில சார் இப்படி அடிக்கிறான்?"

அமெரிக்கத் தரைப்படையில் அறைக்குள் அதிகாரியிடம் ரிப்போர்ட் செய்யும்போது வெறுந்தலையோடுதான் அடிப்பார்கள் என்று எடுத்துச் சொன்னால், "அவங்க ஒழுங்கு அவ்வளவுதான்" என்பார்.

கையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் புத்தகத்தைத் திறக்க மாட்டார். பக்க ஓரமெல்லாம் விசாரணைக் குறிப்புகள்: 'மேகஸினில் 30 குண்டு. இவன் 47 சுட்டுவிட்டான்.' 'கடற்படை கேப்டன் என்றால் தரைப்படையில் கர்னல். மேஜர் எப்படி அதட்டலாம்?' 'கப்பலில் 4,000 பேர். சமையல்காரன் எங்கே?' கடைசிக் கேள்வி நியாயம்தான். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ச் சண்டை போடுகிறவர்கள் பல நாவல்களில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இவருடைய ராணுவ அனுபவம்? கல்லூரி என்.சி.சி.யில் பரேடு முடிந்து கொடுத்த பூரிக்கிழங்கோடு சரி. ஆனாலும் விதியென்றால் விட மாட்டார். ஹெச்.ஜி. வெல்ஸ் 1903இல் ஒரு சிறுகதையில் இரும்புக் கோட்டைகளைத் தரையில் ஊர்ந்து வரச் செய்தார். 1916இல், முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்துக்கு நிஜ டாங்கிகளே வந்துவிட்டன. இவர் அன்றைக்கு இருந்திருந்தால் குதிரைப்படை விதிகளைக் காட்டி வெல்ஸுக்கு மெமோ கொடுத்திருப்பார்.

எழுத்தாளரை எடைபோட இவரிடம் ஒரே கேள்வி: படையில் இருந்தாரா? ராபர்ட் ஹைன்லைன் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் படித்தவர், காசநோயால் 1934இல் பணியிலிருந்து விலகியவர். பாஸ். ஆர்சன் ஸ்காட் கார்ட் சீருடையே போட்டதில்லை. ஃபெயில். கார்டின் 'எண்டர்ஸ் கேம்' அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலில் இடம்பெற்றதே என்றேன். "லிஸ்ட் போட்டவன் கிளார்க்கா இருப்பான்."

ஜோ ஹால்டிமன்தான் இவரைத் திணறடித்தார். வியட்நாமில் பொறியியல் பிரிவில் இருந்து காயம்பட்டுத் திரும்பியவர், 1974இல் 'த ஃபாரெவர் வார்' எழுதினார். அதன் சிப்பாய் ஒளிவேகத்தை ஒட்டிப் பறந்துவிட்டு வீடு திரும்புகிறான். அவனுக்குச் சில வருஷம்தான் ஆகியிருக்கிறது. பூமியிலோ இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அம்மா கிழவியாகிவிட்டாள், சம்பளம் வட்டியோடு குவிந்து கிடக்கிறது. போரைக் கண்ணால் பார்த்தவருக்குத் துப்பாக்கி நம்பரைவிட இதெல்லாம்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

நம்மவர் அந்தப் பக்கத்தில் பென்சிலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனிதர் கலங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, இவர் ஓய்வுபெற்றது சம்பளப் பட்டுவாடாப் பிரிவில். கால்குலேட்டரைக் கேட்டு வாங்கினார், தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"வட்டியெல்லாம் சரி சார். பஞ்சப்படியை விட்டுட்டானே!"