அறுபத்திரண்டு குதிரையும் இருபது சிப்பமும்

சித்தப்பாவின் ஜீப்பில் இருந்தது 2.1 லிட்டர் டீசல் இன்ஜின். அவருடைய பேரன் இன்றைக்கு ஓட்டும் வண்டியில் 2.2 லிட்டர். ஒரு டீ கிளாஸ் அளவுதான் வித்தியாசம். ஆனால் மகிந்திரா எம்.எம். 540-இல் இருந்த அந்தப் பழைய பெஜோ இன்ஜின் கொடுத்தது 62 குதிரைசக்தி. கிட்டத்தட்ட அதே அளவுள்ள டீசல் இன்ஜின் அதே கம்பெனி 2020-இல் கொண்டுவந்த புதிய தார் வண்டியில் 130 கொடுக்கிறது. 2022-இல் வந்த ஸ்கார்ப்பியோ என் வண்டியில் 175 வரை போகிறது.

எங்கள் ஜேடர்பாளையத்தில் அந்த 62 என்னென்ன வேலை பார்த்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். காவிரிப் படுகை அணையிலிருந்து ராஜ வாய்க்கால் பிரிந்து போகிற ஊர் இது. வாய்க்கால் பாயும் இடமெல்லாம் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். ஆலைக் கொட்டகையில் வெல்லப் பாகு இறக்கி, உருண்டை பிடித்து, முப்பது கிலோ சிப்பமாகக் கட்டி, பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு அனுப்பவேண்டும். ஜீப்பின் பின்சீட்டை மடக்கிவிட்டு இருபது சிப்பம் ஏற்றுவார் சித்தப்பா. மார்கழிக் குளிரில் சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுத்திருந்துதான் ஸ்டார்ட் செய்யவேண்டும். எடுத்ததும் வண்டி முழுக்க ஒரு நடுக்கம் ஓடும். கதவுக்குப் பதிலாகத் தொங்கும் ரெக்சின் படபடக்கும்.

வயலுக்குத் தண்ணீர் கட்டிய மறுநாள் வாய்க்கால் கரை சேறாகக் கிடக்கும். சித்தப்பா பதற்றப்படமாட்டார். கியர் லிவருக்குப் பக்கத்தில் குட்டையாக இருப்பதை இழுத்து "லோ"வில் போடுவார். இன்ஜின் கத்தும், வண்டி நடந்துபோகிற வேகத்தில் நகரும், ஆனால் நிற்காது. லோ கியர் செய்வது அவ்வளவுதான்: வேகத்தை ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்து, சக்கரத்துக்குப் போகிற இழுவையை அதே இரண்டரை மடங்கு கூட்டுகிறது. இன்றைய தாரிலும் அந்த விகிதம் ஏறத்தாழ இரண்டரைதான். சேற்றிலும் மணலிலும் வண்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தப் பல்சக்கரக் கணக்குதான் என்பதால், நாற்பது வருடமாகியும் யாரும் அதைப் பெரிதாக மாற்றவில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சித்தப்பாவின் அதே ஜீப் ஆள் நிரம்ப ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது.

"ஏன் கண்ணு, பறந்து போயி என்ன பண்ணப்போறோம்? சிப்பம் போயிச் சேரோணும், அவ்வளவுதான்" என்பார்.

சித்தப்பாவுக்கு லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைத்தது. பேரனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டர்போ வந்தது. மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தூவும் காமன் ரெயில் வந்தது. எப்போது, எவ்வளவு தூவுவது என்று முடிவுசெய்யக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு துளி டீசலிலிருந்து இவ்வளவு வேலை வாங்கலாம் என்று கண்டுபிடித்த பொறியாளர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. அந்த உழைப்பு மிச்சப்படுத்தித் தந்த டீசலில் பெரும்பகுதியை எடையும் வேகமும் தின்றுவிட்டன. புதிய தார் ஒன்றே முக்கால் டன்னைத் தொடுகிறது; ஸ்கார்ப்பியோ என் இரண்டு டன்னை நெருங்குகிறது. அதில் ஒரு பகுதி ஏர்பேக், உறுதியான கூண்டு என்று உயிரைக் காக்கிற எடை. அதை நான் குறை சொல்லமாட்டேன். சித்தப்பாவின் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிதான் இருந்தது. மீதி எடையைப் பற்றித்தான் என் பேச்சு.

இப்படி டீசல் எரிவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமலில்லை. எம்.எம். 540 விற்ற காலத்தில் கார்களின் டீசல் செலவுக்கு இந்த நாட்டில் கட்டாய வரம்பு எதுவும் கிடையாது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2015-இல் விதி அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கஃபே என்று வண்டிக்காரர்கள் சொல்வது அதைத்தான். ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்ற கார்களையெல்லாம் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு. 2022-23 முதல் 113 கிராம்.

நல்ல விதி. ஆனால் அந்த 113 எல்லோருக்கும் ஒன்றல்ல. கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எடை கூடக்கூட வரம்பும் தளர்ந்துகொடுக்கும். கனமான வண்டி விற்பவருக்குக் கூடுதலாக எரிக்க அனுமதி. மின்சாரக் கார் ஒன்று விற்றால் கணக்கில் மூன்றாக எண்ணப்படும். அந்தச் சராசரியின் நிழலில் பெரிய டீசல் வண்டிகள் தாராளமாக ஓடலாம். மின்சாரக் காரை ஊக்குவிப்பது தேவைதான். ஆனால் சராசரி என்பது தாளில் இருக்கிறது, புகை எங்கள் ரோட்டில் இருக்கிறது. அமெரிக்காவிலும் இதேபோல ஓர் ஓட்டைதான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-இல் அங்கே சட்டம் வந்தபோது, ஜீப் வகையறாக்கள் சிறு லாரிகளின் பட்டியலில் சேர்ந்து இளகிய வரம்பைப் பெற்றன. வேலை செய்கிற வண்டிக்கென்று கொடுத்த சலுகையில் பிறகு நகரத்துக் குடும்பங்களெல்லாம் ஏறிக்கொண்டன.

நம் வரி விதி செய்த காரியம் இன்னும் விசித்திரம். டீசல் இன்ஜின் ஒன்றரை லிட்டருக்குள்ளும் நீளம் நான்கு மீட்டருக்குள்ளும் இருந்தால் வரி குறைவு. அதனால் 2023 ஜனவரியில் ஒன்றரை லிட்டர் டீசலோடு ஒரு தார் வந்தது. 117 குதிரைசக்தி, இழுவை பெரிய இன்ஜினைப் போலவே 300 நியூட்டன் மீட்டர். சின்ன இன்ஜினில் அத்தனை இழுவை வருமென்றால் இரண்டு லிட்டருக்கு மேல் எதற்கு என்று அந்த வண்டியே கேட்கிறது. ஆனால் விலை குறைக்க ஃபோர் வீலையும் லோ கியரையும் எடுத்துவிட்டார்கள். காட்டு வண்டியின் உருவம் மிஞ்சியது. அதைக் காட்டு வண்டியாக்கிய பாகம் போய்விட்டது.

காட்டு வண்டியை லேசாகவும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி உண்டு. 1985-இல் வந்த ஜிப்சி ஒரு டன் எடையில், 45 குதிரைசக்தியில் தொடங்கியது. அதன் வாரிசான ஜிம்னி 1.2 டன், 105 குதிரைசக்தி. ஃபோர் வீலும் லோ கியரும் இருந்தும் சோதனையில் லிட்டர் பெட்ரோலுக்கு 16.94 கிலோமீட்டர்.

"நூத்துமுப்பது குதிரைங்க, அப்பாரு" என்று பேரன் பெருமையாகச் சொன்னபோது சித்தப்பா வண்டியைச் சுற்றி வந்து பின்கதவைத் திறக்கச் சொன்னார். "எத்தனை சிப்பம் ஏறும் சாமி?" கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவன் வண்டியில் இதுவரை சிப்பம் ஏறியதில்லை. சிப்பம் இப்போது மினி லாரியில் போகிறது. கரும்புக் காட்டிலிருந்து டன் கணக்கில் இழுத்துவருவது நாற்பது சொச்சம் குதிரைசக்தி டிராக்டர். கஃபே விதி டிராக்டருக்குக் கிடையாது.

அந்த விதியின் அடுத்த கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்க இருக்கிறது. 2025 செப்டம்பரில் வெளியான வரைவில் 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை தரலாம் என்று வந்ததும், சிறிய கார் விற்பவர்களும் பெரிய வண்டி விற்பவர்களும் மோதிக்கொண்டார்கள். நான் கேட்பது வேறு. எடைக்கு ஏற்ப வரம்பு தளர்வதை நிறுத்துங்கள். சோதனையையும் மாற்றுங்கள்: இதுவரை அது 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஏசியை அணைத்தபடியே நடந்துவந்திருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று அணைக்கு வருகிற ரோட்டில் பரமத்திவேலூர் பக்கமிருந்து வரிசைகட்டி நிற்கும் வண்டிகளில் ஒன்றைச் சோதனைக்கு எடுங்கள். கண்ணாடி ஏற்றி, ஏசி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு டன் இரும்பில் இரண்டு பேர் இருப்பார்கள்.