ஓதற்பிரிவின் ஒரு பருவ வகை: ஜெர்மன் பொதுச்சமையலறைத் திணை குறித்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

படிப்பதற்காக வீட்டை விட்டுப் போவது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. பிரிவுக்குரிய காரணங்களில் ஓதலையும் தொல்காப்பியர் சேர்த்தார். அது மூன்றாண்டைத் தாண்டலாகாது என்று கற்பியலில் எல்லையும் கட்டினார். ஆனால், ஒரே ஒரு செமஸ்டர் போய்விட்டுத் திரும்பும் பரிமாற்ற மாணவருக்கென அவர் தனி நூற்பா செய்யவில்லை. அக்குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் ஜெர்மனி, அதிலும் மாணவர் விடுதியின் பொதுச்சமையலறை. வகுப்பறையை ஏன் விட்டீர்கள் எனின், ஆய்வுக்கு உட்பட்டோர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியம் சொல்லியிருக்க, மாணவியர் போவது எங்ஙனம் எனின், விமானம் கடலில் படாமல் அதன் மேலே பறப்பதால் வழு இல்லை என்க.

முன்னோர் மரபு

ஐரோப்பாவில் பரிமாற்றப் படிப்புக்கான பெருந்திட்டம் 1987-இல் தொடங்கியது. பெயர் எராஸ்மஸ். நீண்டதொரு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர்தான் என்றாலும், ராட்டர்டாம் நகரத்து அறிஞர் எராஸ்மஸை நினைத்தே கோத்தார்கள். அவர் பாரிஸ், கேம்பிரிட்ஜ், டூரின், பாசல் என்று ஊர் ஊராய்ப் போனவர். பாரிஸில் தாம் தங்கிய கல்லூரியில் அழுகிய முட்டை போட்டதைப் பிற்காலத்தில் எழுதி வைத்தார். கேம்பிரிட்ஜில் பீர் சரியில்லை என்று கடிதத்தில் புலம்பினார். ஆக, ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிய ஒருவரின் பெயராலேயே இத்திட்டம் நடக்கிறது. 2015 முதல் இந்திய மாணவர்களும் இதில் போய்வர வழி உண்டு. திட்டும் மரபு அறுபடாமல் தொடர்கிறது.

பெட்டி இலக்கணம்

பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. வீட்டுத் தராசு 26 காட்டும். எதை எடுப்பது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். “ஜாக்கெட்டை அங்கே வந்து வாங்கிக்கோ” என்பது சீனியர் உரை. அம்மா உரை வேறு: “அந்தப் புஸ்தகத்தை எடுத்து வெளியே வை. புஸ்தகம் அங்கே கிடைக்காதா? இட்லிப் பொடி கிடைக்குமா?” ஓதற்பிரிவில் முதலில் பெட்டியை விட்டு இறங்குவது ஓதல்தான் என்பது இதனால் பெறப்படும்.

அடுத்து ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. வெளிநாட்டுப் பயணி இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரக் கூடாது. எனவே நெய்யும் பால்கோவாவும் விலக்கு. 2019 டிசம்பரிலிருந்து பழம், காய், இலை என எந்தப் பச்சைத் தாவரத்துக்கும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். விலக்குப் பெற்ற பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சை. இந்த ஐந்தில் தேங்காய் இருப்பதையும் கறிவேப்பிலை இல்லாததையும் நோக்குக. சட்னிக்கு அனுமதி உண்டு. அதைத் தாளிக்க அனுமதி இல்லை. இப்படிப் பாதிச் சட்னியை ஏற்கும் சட்டம் உலகில் வேறெங்கும் உளதோ என்பது தனி ஆய்வுக்குரியது.

முதற்பொருள்

நிலம், முன்பே சொன்ன சமையலறை. எட்டுப் பேருக்கு நாலு அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ்.

பொழுது வியக்கத்தக்கது. குளிர்காலச் செமஸ்டரின் வகுப்புகள் பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடியும். இது ஐப்பசி முதல் தை வரை. அதாவது கூதிரும் முன்பனியும். பெரும்பொழுது இலக்கணத்தை ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றுவது தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை.

சிறுபொழுதில் சிக்கல் உண்டு. அக்டோபர் முதல் வாரத்தில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது நாலரை ஆகிவிடும். அம்மா வழக்கம்போல இரவு ஒன்பதுக்குக் கூப்பிடுவார். நேற்று வரை ஐந்தரைக்கு அறையில் இருந்த பிள்ளை, இன்று நாலரைக்கு லேபில் இருந்துகொண்டு போனை எடுக்காது. கடிகாரத்தைத் திருப்பியது அரசாங்கம். சந்தேகம் விழுவது பிள்ளை மேல்.

கருப்பொருள்

தெய்வம்: ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் விடுதிப் பராமரிப்பாளர். எளிதில் காட்சி தரார். நோட்டீஸ் வழியே பேசுவார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பது அவர் வாக்கு.

பறை: புகை உணர்கருவி. எண்ணெய் காய்கிறது, கடுகு வெடிக்கிறது. மிளகாய் கிள்ளிப் போட்டதும் நெடி எழுந்து அடுப்பைத் தாண்டி, மேசையைத் தாண்டி, கூரையில் ஒட்டிய வெள்ளை வட்டத்தைத் தொடுகிறது. பிறகு விடுதி முழுவதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது. சில விடுதிகளில் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். ஒரு கரண்டி ரசத்துக்குத் தீயணைப்பு வீரர் எத்தனை பேர் என்னும் விகிதம் இன்னும் கணக்கிடப்படவில்லை. ஜன்னலைத் திறந்து, வாணலியை மூடிக்கொண்டு தாளிக்கலாம் என்பது சீனியர் மதம். மூடித் தாளித்தால் அது தாளிப்பே அன்று என்பது அம்மா மறுப்பு.

தொழில்: குப்பை பிரித்தல். காகிதம் ஒரு தொட்டி, உணவுக் கழிவு ஒரு தொட்டி, உறைகள் ஒரு தொட்டி, மிச்சம் ஒரு தொட்டி. கண்ணாடியை வெள்ளை, பச்சை, பழுப்பு என நிறம் பார்த்துத் தெருக்கோடியில் போட வேண்டும். சத்தம் வரும் என்பதால் ஞாயிறன்று அதுவும் ஆகாது. ஊறுகாய் பாட்டிலின் மூடி எந்தத் தொட்டி, உள்ளே ஒட்டிய மாங்காய் எந்தத் தொட்டி என்று அரைமணி நேரம் நின்று யோசித்தவர் உளர்.

செல்வம்: காலி பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் திரும்பக் கிடைக்கும். பார்ட்டி முடிந்த மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன் எழுந்திருப்பவர் நம்மவர்.

மதிப்பீடு

ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக 750 முதல் 900 மணி நேரம். இதில் தாளிப்பு, தொட்டி, பாட்டில், விளக்கம் சொல்லும் போன் ஆகியவற்றுக்கு ஒரு கிரெடிட்டும் இல்லை. ஓதலுக்கு மதிப்பெண் வைத்தார்கள். பிரிவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே மாணவர் புதிதாகக் கற்பதெல்லாம் பிரிவின் பகுதியில்தான் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு.

மதிப்பெண்ணும் வந்து சேர்ந்தபின் வம்புதான். ஜெர்மனியில் 1.0 முதல்தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. 1.3 வாங்கிய பெண்ணைப் பார்த்துப் பெரியப்பா, “பரவாயில்லம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று ஆறுதல் சொல்வார். 5.0 வாங்கியவர் வீட்டில் அன்று பாயசம்.

உரிப்பொருள்

பிரிதலும் இரங்கலும் செமஸ்டரோடு தீரும். திரும்பி வந்தபின் தொடங்குவது ஊடல். “ஜெர்மனியில எல்லாம்…” என்று தொடங்கும் வாக்கியங்கள் இதன் மெய்ப்பாடு. பால் கவரை எதில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓடலாமா என்றெல்லாம் வீட்டாருக்கு வகுப்பு நடக்கும். இதற்கு மருந்து ஒன்றே. அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாசலில் மாநகராட்சி வண்டிச் சத்தம் கேட்டதும் குப்பைக் கூடையைக் கையில் கொடுப்பார்: “தெரியுதுல்ல? போ, பிரிச்சுப் போட்டுட்டு வா.”