உறை மாமா

எங்கள் மாடி வீட்டு மாமாவின் வீட்டில் உறை போடாத உருப்படி ஒன்றே ஒன்றுதான்: மாமா. சித்திரை பிறந்ததும் சட்டையும் பனியனும் கொடிக்குப் போய்விடும். இடுப்பில் வேட்டி, கையில் விசிறி. "உடம்புல ஒரு துணி தாங்கலையே, என்ன புழுக்கம்!" என்று ஊஞ்சலில் கிடப்பார்.

மற்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. மிக்சிக்குப் பூப்போட்ட பாவாடை. ஃபிரிட்ஜுக்கு முக்காடு. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, அதன்மேல் இரண்டு ரப்பர் பேண்ட். ஆறு வருஷமாகியும் ரிமோட்டில் எழுத்து அழியவில்லை; உறை மங்கிப்போனதால் தெரியவும் இல்லை.

செட்டாப் பாக்ஸுக்குத்தான் ராஜ மரியாதை. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் பெட்டி; பெட்டிமேல் மாமி பின்னிய விரிப்பு; விரிப்பின்மேல் வைஃபை ரவுட்டர்; ரவுட்டர்மேல் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. துளைகளில் எறும்பு புகுந்துவிடுமாம், அவற்றுக்குச் செலோ டேப்.

போன மே மாதம், மேட்ச்சின் கடைசி ஓவரில், வெந்துபோன பெட்டியில் படம் உறைந்தது. மாமா பெட்டியை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். பேட்ஸ்மேன் சிலையாகவே நின்றார். பொம்மை மட்டும் ஆமாம் ஆமாம் என்றது. தட்டுவதற்கும் ஒரு பரம்பரை உண்டு. சத்தம் கூடாதென்று ஸ்டீவ் ஜாப்ஸ் விசிறி வைக்க விடாத ஆப்பிள் 3 கணினி 1980-இல் வந்தது. அது மக்கர் செய்தபோது, இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள் என்றுதான் வைத்தியம் சொன்னார்கள்.

மறுநாள் வந்த கேபிள்காரத் தம்பி, பெட்டியில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார். "சார், இதுமேல தோசையே ஊத்தலாம்."

"ஃபேனே இல்லாத பெட்டிப்பா. இதுக்கு எதுக்குக் காத்து?"

"ஃபேன் இல்லாததாலதான் சார் காத்து வேணும். கீழ் ஓட்டையில போற காத்து, சூடாகி, மேல் ஓட்டை வழியா தானா ஏறிப் போகணும், சமையக்கட்டுப் புகைக்கூண்டு மாதிரி. நீங்க ரெண்டையும் அடைச்சுட்டீங்க."

"ராத்திரி ரிமோட்ல அணைச்சிடுறேனே?"

"அது தூங்குற மாதிரி நடிக்கும் சார். சிவப்பு லைட் எரியுதுன்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

மூடியைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவில் சின்னச் சின்ன உருளைகள், கெப்பாசிட்டர்கள். தட்டையாக இருக்கவேண்டிய ஒன்றின் தலை பூரியாக உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வற்றிக்கொண்டே வரும். 10 டிகிரி கூடினால் ஆயுசு பாதி என்பது தொழில்காரர்களின் உத்தேசக் கணக்கு. மாமாவின் பாசம் எத்தனை டிகிரி என்று அவர் சொல்லவில்லை.

புதுப் பெட்டி வந்தது. டேப் இல்லை, கதவு இல்லை, சுற்றிலும் நாலு விரற்கடை இடம். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள், "தூசி படியுதே" என்று மாமா தவிக்க, மாமி புது விரிப்பை எடுத்தாள்.

நேற்று கரண்ட் போயிற்று. இருட்டில் விசிறி அகப்படவில்லை. மாமா கைக்குச் சிக்கிய துணியை உருவி முதுகைத் துடைத்து, அதையே விசிறிக்கொண்டார். அரைமணி கழித்து வெளிச்சம் வந்தது. பெட்டியின் சிவப்புக் கண்ணும் திறந்தது.

"அடடா, வெறும் மேலோட நிக்குதே!" ஓடிப்போய்த் துணியை உதறிப் பெட்டிக்குப் போர்த்தினார். பிறகு ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டு ஊஞ்சலில் சாய்ந்தார், வெறும் மேலோடு.