யாராச்சும் அனுப்புங்கடா

பத்தாம் வகுப்பு வாட்ஸாப் குழு இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கண் விழிக்கும். ‘மேத்ஸ் ஹோம்வொர்க் யாராச்சும் அனுப்புங்கடா.’ முதல் பதில்: ‘ஹோம்வொர்க் இருக்கா?’ அடுத்தது: ‘எனக்கும்.’ வகுப்புக்கு ஒரு குழு என்பது 2020 ஊரடங்கில் பாடம் நடத்துவதற்காகத் தொடங்கிய பழக்கம். பாடம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது, குழு திரும்பவில்லை.

பொறுமையில்லாதவர்கள் பிரெய்ன்லிக்குப் போவார்கள். 2009-இல் போலந்தில் பிறந்த தளம். பதில் சொன்னால் புள்ளி கிடைக்கும். ஆகவே, ‘பதில் தெரியாது, ஆனாலும் சிறந்த விடைன்னு குறிச்சிடுங்க ப்ளீஸ்’ என்று ஒரு பரோபகாரி அங்கே காத்திருப்பார்.

அதற்குள் குழுவில் படம் வந்துவிடும். பாதிப் பக்கம் கட்டைவிரல் நிழல். அதில் 5 என்பது 8-ஆகத் தெரிய, 3, 4, 8 என்று ஒரு செங்கோண முக்கோணம் உதயமாகும். சிறிய பக்கங்கள் இரண்டையும் சேர்த்து நீட்டினாலும் பெரிய பக்கத்தை எட்டாது. (பிதாகரஸ் கொடுத்து வைத்தவர், முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.) வகுப்பு முழுக்க அதே முக்கோணம், அத்தனைக்கும் சிவப்பு மையில் டிக்.

டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். அவர் அவசரத்தில் இருந்தார். ஆசிரியர்கள் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: ‘மாதத் தேர்வு வினாத்தாள் யாரிடமாவது ரெடியா இருக்கா?’