ஐப்பசி மஞ்சள்: சாத்தூர்க் கண்மாய்த் தவளையின் நிறம் குறித்து ஓர் ஆய்வுரை

சாத்தூர் வட்டாரக் கண்மாய்களில் வாழும் பெருந்தவளை, வருசத்தில் பெரும்பகுதி சேறும் பாசியும் கலந்த நிறத்தில்தான் கிடக்கிறது. ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்ததும் ஆண் தவளை மட்டும் பளீரென்று மஞ்சளாகிவிடுகிறது. தாடையின் இருபுறமும் கருநீலப் பைகள் புடைக்கின்றன. பெண் தவளைக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. இதுபற்றி அறிஞருலகம் காட்டிவரும் அலட்சியம் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

தவளை தீப்பெட்டி லேபிள் மையில் விழுந்து எழுந்ததால் வந்த நிறம் என்பார் ஒரு சாரார். காலம் இடிக்கிறது. இவ்வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதைக் கற்கக் கல்கத்தா சென்றது 1922இல். பிரெஞ்சு விலங்கியலாளர் தோதேன் இத்தவளைக்கு அறிவியல் பெயர் சூட்டியதோ அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்பு. லேபிள்தான் தவளையைப் பார்த்து அடிக்கப்பட்டதா என்பது தனி ஆய்வு.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சள் உடுத்துகிறது என்ற பக்திக் கோட்பாடும் நில்லாது. திருவிழா ஆடிக் கடைசி வெள்ளி. தவளை மஞ்சளாவதோ ஐப்பசியில். அவ்வளவு தாமதமாக யாரும் நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை.

பட்டாசு மருந்தால் வந்த நிறம் என்ற கோட்பாடு கொஞ்சம் கனமானது. வாணத்தில் மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு. இதில் நீலம்தான் ஆளைப் படுத்தும்: சூடு கூடினால் அந்த நிறம் தரும் சேர்மம் சிதைந்து வெளிறிவிடும். தவளையோ இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நீலத்தை ஊதிக் காட்டுகிறது. உள்ளே செம்பு கிடையாது. தவளைத் தோலில் நீலம் பெரும்பாலும் சாயமே அன்று. நுண்ணிய படிகத் தகடுகள் நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, அடியிலிருக்கும் கருநிறமி மற்றதை விழுங்கிவிடுகிறது. மஞ்சளுக்கு மட்டும் முறையான நிறமிச் செல்கள் உண்டு. மருந்தும் இல்லை, திரியும் இல்லை, லைசென்சும் வேண்டாம்.

டீக்கடை அண்ணாச்சி ஒருவர், "அது கல்யாண மாப்ள தம்பி, வேற எதுக்கு இந்த மினுக்கு மினுக்குது?" என்றார். அடிக்குறிப்பு இல்லாததால் அக்கருத்து நிராகரிக்கப்பட்டது. விலங்கியல் நூல்கள் அதையேதான் நாலு பக்கத்துக்குச் சொல்கின்றன.

சான்றுகளில் ஒரு பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது: 1987இல் இந்தியா தடைபோடும்வரை தவளைக்கால்கள் தோலுரித்தே கப்பலேறின. எஞ்சியதும் இனப்பெருக்கம் முடிந்தால் பழையபடி சேற்று நிறம். ஆகவே ஆய்வு நிதி ஐப்பசிக்கு முன்பே வந்து சேர வேண்டும். காராச்சேவுச் செலவு தனி.