கட்டைவிரல் வீரர்கள்: கேள்வி – பதில்

கே: பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பது சின்னப்பிள்ளை விளையாட்டுதானே?

ப: 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைப் போருக்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிப்புத்தகம் போட்டார். செவ்வாய்வாசிகளைப் பூமிக்கு அழைத்துவந்த அதே வெல்ஸ்தான்! தலைப்பிலேயே பையன்களுக்கு வயது வரம்பும் வைத்தார்: 12 முதல் 150 வரை. உங்களுக்கு 151 ஆகிவிட்டதா?

கே: 'வார்ஹாமர் 40,000' என்கிறார்களே, அந்த 40,000 விலையா?

ப: ஆண்டு. கதை நடப்பது 41-ஆவது ஆயிரமாண்டில். வண்ணமடித்த பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் இந்த ஆட்டம் வந்தது 1987-இல். நடத்துவது இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உள்ள கேம்ஸ் ஒர்க்‌ஷாப். படை முழுசாகச் சேரட்டும், நீங்கள் கேட்ட தொகையும் வந்து நிற்கும்.

கே: வீரர்களுக்குத் தலையும் கையும் இவ்வளவு பெரிதாக இருப்பானேன்?

ப: ஆள் உயரம் பழைய கணக்கில் 28 மில்லிமீட்டர். சரியான விகிதத்தில் செதுக்கினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு முகமே தெரியாது. முகம் தெரியாத எதிரியோடு சண்டை போட்டு என்ன சுகம்?

கே: பிரைமர் அவசியமா?

ப: சுவருக்கே பிரைமர் அடிக்காமல் பெயின்டர் டப்பாவைத் திறப்பதில்லை. வழவழ பிளாஸ்டிக்கில் நேராக அடித்த வண்ணம் நகம் பட்டாலே உரியும். போருக்குப் போகுமுன்பே வீரனுக்குக் காயம்!

கே: கெட்டியாக அடித்தால் ஒரே கோட்டில் முடிந்துவிடுமே?

ப: முடியும். ஆணி, மடிப்பு, மூக்கு எல்லாம் சேர்ந்தே முடியும். தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்கு இளக்கி, இரண்டு கோட் அடியுங்கள்.

கே: இடுக்கில் நிழல் தீட்டக் கை நடுங்குகிறது.

ப: தீட்டவே வேண்டாம். நீர்த்த கறுப்புச் சாயம் இருக்கிறது, பெயர் 'வாஷ்'. தோள்கவசத்தில் தொட்டு வையுங்கள். சொட்டு வழிந்து மடிப்புக்குள் இறங்கும். ஆணித்தலையைச் சுற்றி மெல்லிய வளையமாக நிற்கும். மேடு மட்டும் பளிச்சென்று மிஞ்சும். தேங்கியதைத் தூரிகை நுனியால் உறிஞ்சிவிடுங்கள். பள்ளம் எங்கே என்று தண்ணீருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கே: கண் தீட்ட 000 நம்பர் தூரிகை வாங்கட்டுமா?

ப: அந்த இத்தனூண்டு முடியில் பெயின்ட் கண்ணை எட்டுமுன் காய்ந்துவிடும். வயிறு பருத்து, நுனி கூர்த்த 1-ஆம் நம்பர் போதும். 1866-இல் விக்டோரியா மகாராணிக்காக வின்சர் அண்ட் நியூட்டன் செய்த தூரிகையின் வம்சம் இன்றும் 'மினியேச்சர்' எனப்படும் இந்தக் குட்டி வீரர்களின் மேசைகளில் ஆள்கிறது. ராணிக்குப் பிடித்த அளவு 7.

கே: தூரிகை நுனியை நாக்கில் கூராக்கலாமா?

ப: நூறாண்டுக்கு முன் அமெரிக்காவில் கடிகார எண்களுக்கு ரேடியம் பூசிய பெண்கள் நுனியை உதட்டில்தான் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். உங்கள் டப்பாவில் ரேடியம் இல்லை. ஆனாலும் கிண்ணத்துத் தண்ணீரும் டிஷ்யூவும் பக்கத்திலேயே இருக்கின்றன. நாக்கைக் கேள்வி கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

கே: வண்ணத்தால் வீரம் கூடுமா?

ப: வார்ஹாமர் கதையில் வரும் ஓர்க் இனம் அப்படித்தான் நம்புகிறது. சிவப்பு அடித்த ஓர்க் வண்டி ஓர் அங்குலம் கூடுதலாக ஓடும் என்று முன்பு விதியே இருந்தது. மைலேஜ் பற்றி விதி பேசவில்லை.

கே: பெயின்ட் அடிக்காமலே ஆடினால்?

ப: 2020-இல் வந்த வார்ஹாமர் 40,000-இன் 9-ஆம் பதிப்பில், முழுப் படைக்கும் வண்ணம் அடித்திருந்தால் 100-க்கு 10 புள்ளி. பகடை உருட்டுமுன்பே பத்து! சோம்பலுக்கு இதைவிடக் கடுமையான அபராதம் உண்டா?

கே: கண்ணை எப்போது தீட்டுவது?

ப: நம் ஸ்தபதி கண்ணைக் கடைசியில் திறப்பார். மினியேச்சர்க்காரர் பலர் முதலிலேயே முடித்துவிடுவார்கள். பிசகினால் கன்னத்து வண்ணத்தை வைத்தே திருத்தலாம். கடுகைவிடச் சிறிய கண். மூச்சை விட்டுவிட்டு, இரு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, ஒரே புள்ளி.

கே: பெட்டியில் 60 பேர் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறார்கள். மலைப்பாக இருக்கிறது.

ப: படையைப் பார்க்காதீர்கள். ஒருவனை மட்டும் எடுத்து, இன்றிரவு கண் வைத்துவிடுங்கள். மீதி 59 பேரை முடிக்கும்வரை அவன் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.